அடுப்படிப் பாடம்: மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு



சென்ற மாதம் ஒரு நாள் எங்கள் பள்ளியில் ஓய்வு நேரத்தின்போது நான் கண்ட காட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் மேசையின் ஓரத்தில் தனியே உட்கார்ந்திருந்தான். உணவு டப்பாவின் மூடியைப் பாதிதான் திறந்திருந்தான். மீதியைக் கையால் மறைத்துக்கொண்டு அவசர அவசரமாகச் சாப்பிட்டான். அருகில் போய்ப் பார்த்தேன். உள்ளே அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பூவும் இருந்தன. விடியுமுன் எழுந்து பெற்ற தாய் ஆக்கிக் கொடுத்ததை, ஏதோ திருடிய பொருளைப் போல அந்தப் பிள்ளை மறைத்தான்.

காரணம் அடுத்த மேசையில் இருந்தது. நான்கைந்து பிள்ளைகள், சனிக்கிழமை நீலாய் பட்டணத்துக்குப் போய் விரைவு உணவுக் கடையில் சாப்பிட்ட கதையைப் பெருமையாக அளந்துகொண்டிருந்தார்கள். "கோழிகூட வேணாம் டீச்சர், அந்த பிரெஞ்சு பிரைஸ் மட்டும் போதும்" என்றாள் ஒருத்தி. கேட்டுக்கொண்டிருந்த நம் பையன் டப்பாவை மூடிவிட்டான்.

இரண்டு நாள் கழித்து அவன் தாயார் பள்ளிக்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில் அதே விஷயம் வந்தது. "நானும் கிழங்கு வாங்கிப் பொரிச்சுப் பார்த்துட்டேன் டீச்சர். எண்ணெயெல்லாம் குடிச்சிட்டு வதங்கிப் போயிக் கெடக்குது. கடையில மாதிரி இல்லம்மான்னு தட்டைத் தள்ளிட்டான். அப்படி என்னதான் மருந்து போடுறாங்க அந்தக் கடையில?" என்று கேட்டார். கேட்கும்போது சிரித்தார். ஆனாலும் அந்தச் சிரிப்புக்குள் ஒரு வலி இருந்ததை நான் அறிவேன். காசு போனது ஒரு புறம். தன் கைச் சமையல் பிள்ளைக்குக் குறைவாகப் படுகிறதே என்பதுதான் பெரிய வலி.

அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் சொல்லவே இம்மாதப் பாடம். நானும் வீட்டில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் முயன்று பார்த்தேன். முதல் இரண்டு வாரமும் கிழங்கு வீண்தான். மூன்றாம் வாரம் வழி தெரிந்தது. நான்காம் வாரம் கைகூடியது. ஆகவே தைரியமாக எழுதுகிறேன்.

கடைக்காரன் செய்யும் மாயம் என்ன?

நம் நாட்டில் முதன்முதலாக விரைவு உணவுக் கடை வைத்தவர்கள் ஏ அண்ட் டபிள்யூ நிறுவனத்தார். அது 1963ஆம் ஆண்டு, கோலாலம்பூரில். பத்து ஆண்டு கழித்து 1973இல் கே.எப்.சி. வந்தது. 1982 ஏப்ரலில் புக்கிட் பிந்தாங் சாலையில் மெக்டோனால்ட்ஸ் முதல் கடையைத் திறந்தது. அக்காலத்தில் நீலாயைச் சுற்றியிருந்த நம்மவர்களுக்கு அதெல்லாம் தூரத்துச் செய்தி. நீலாய் என்றால் ஒரு ரயில் நிலையம், ஒரு கடைத்தெரு, சுற்றிலும் ரப்பர்க் காடு, செம்பனைக் காடு. அவ்வளவுதான். 1998இல் சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறந்தார்கள். அதையொட்டிய ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களும் வீடமைப்புப் பகுதிகளும் எழும்பின. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. இன்று நம் பிள்ளைகள் பள்ளிப் பேருந்தின் சன்னல் வழியாகவே அக்கடைகளின் விளம்பரப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு வளர்கிறார்கள். அவர்கள் ஆசைப்படுவதில் குற்றமில்லை.

இப்போது மாயத்துக்கு வருவோம். அந்தக் கடையில் பொரிக்கப்படும் கிழங்கு அங்கே தோல் சீவி நறுக்கப்பட்டதன்று. தொழிற்சாலையில் நறுக்கி, வெந்நீரில் வாட்டி, ஈரம் போக உலர்த்தி, எண்ணெயில் ஒரு முறை இலேசாகப் பொரித்து, பிறகு உறைய வைத்து மூட்டையாகக் கட்டி அனுப்புகிறார்கள். கடையில் நடப்பது இரண்டாவது பொரியல் மட்டுமே. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த சிம்ப்ளாட் என்பவரின் நிறுவனம்தான் 1940களில் இந்த உறையவைக்கும் முறையைக் கண்டது. அதில் பணியாற்றிய வேதியியலாளர் ரே டன்லப்பின் கைவண்ணம் அது. அதுவரை மெக்டோனால்ட்ஸ் கடைகளில் ஆட்களே உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். 1967இல் சிம்ப்ளாட்டும் மெக்டோனால்ட்ஸ் முதலாளி ரே கிராக்கும் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே உறைந்த கிழங்கு அங்கே நுழைந்தது.

ஆக, மருந்து ஏதும் பெரிதாக இல்லை. நிறம் ஒரே சீராக வரச் சற்றுச் சர்க்கரைக் கரைசலும், கிழங்கு கருக்காமலிருக்க ஓர் உப்பும் தொழிற்சாலையில் சேர்ப்பதுண்டு. மொறுமொறுப்புக்கு அவை காரணமல்ல. ஒரு முறை வேகவை, உலர்த்து, ஒரு முறை பொரி, ஆறவிடு, மறுபடி பொரி. இவ்வளவே இரகசியம். பெல்ஜியம் நாட்டில் இந்தக் கிழங்கை இரண்டு முறை பொரிப்பது பழைய வழக்கம். முறுக்கும் அதிரசமும் சுடத் தெரிந்த நம் பெண்களுக்கு இது பெரிய வித்தையா?

ஏன் இரண்டு முறை?

பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்கிறேன். உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பச்சைக் கிழங்கை அப்படியே கொதிக்கும் எண்ணெயில் போட்டால், உள்ளே வேகுமுன் வெளியே சிவந்துவிடும். சிவந்துவிட்டதே என்று நீங்கள் எடுத்துவிடுவீர்கள். உள்ளே மிஞ்சியிருக்கும் நீராவி வெளியே வந்து மேல்தோலை ஊறவைத்துவிடும். ஐந்து நிமிடத்தில் கிழங்கு துவண்டுபோகும். அந்தத் தாயார் கண்டது இதைத்தான்.

முதலில் வேகவைத்தால் உள்ளே மாவு பதமாகிவிடுகிறது. முதல் பொரியலில் மேலே மெல்லிய ஓடு கட்டுகிறது. ஆறும்போது உள்ளிருக்கும் ஈரம் வெளிப்பக்கம் பரவுகிறது. இரண்டாம் பொரியலின் கடுஞ்சூட்டில் அந்த ஈரமும் ஆவியாகி, ஓடு தடித்து இறுகுகிறது. அப்போதுதான் கடித்தால் சத்தம் கேட்கும்.

கிழங்கு வாங்கும்போது

கிழங்கெல்லாம் ஒரே கிழங்கல்ல. கறிக்கு ஏற்ற கிழங்கு வழவழப்பானது. வெந்தாலும் உடையாது. பொரிப்பதற்கு மாவுக் கிழங்கு வேண்டும். நீண்ட வடிவமும் சொரசொரப்பான பழுப்புத் தோலும் உடைய ரஸ்ஸட் என்னும் அமெரிக்கக் கிழங்கு இதற்குப் பெயர் போனது. பட்டணத்துப் பேரங்காடியில் கிடைக்கும். அது கிடைக்காவிட்டால் உங்கள் கடைக் கிழங்கையே சோதித்துப் பாருங்கள். ஒரு குவளை உப்புக்குப் பதினொரு குவளை தண்ணீர் கலந்து, கிழங்கை முழுதாக அதில் போடுங்கள். மூழ்கினால் மாவுக் கிழங்கு. பொரிக்கலாம். மிதந்தால் கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு செய்தால் அறிவியல் பாடமும் ஆகும்.

பச்சை நிறம் ஓடிய கிழங்கையும் முளைவிட்டுச் சுருங்கியதையும் வாங்காதீர்கள். சோலனின் என்னும் நஞ்சு அவற்றில் மிகுதி. வாங்கிய கிழங்கைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் கிழங்கின் மாவு சர்க்கரையாக மாறிவிடும். பொரிக்கும்போது வேகுமுன் கருத்துக் கசக்கும். காற்றோட்டமான இருட்டு மூலையில் ஒரு கூடையில் வைத்தால் போதும்.

தேவையான பொருள்கள்

மாவு உருளைக்கிழங்கு ஒரு கிலோ. தண்ணீர் இரண்டு லிட்டர். வினிகர் இரண்டு மேசைக்கரண்டி. உப்பு இரண்டு மேசைக்கரண்டி. பொரிக்கச் செம்பனை எண்ணெய் ஒரு லிட்டர் அளவு. மேலே தூவத் தூள் உப்பு சிறிது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இது தாராளம்.

செய்முறை

ஒன்று: தோல் சீவி, நீளவாக்கில் நறுக்குங்கள். பள்ளிப் பென்சிலின் தடிப்பு இருக்கட்டும். சற்றுக் கூடினாலும் பாதகமில்லை. ஆனால் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று விரல் போலவும் ஒன்று ஈர்க்குச்சி போலவும் இருந்தால், ஒன்று கருகும், ஒன்று வேகாது.

இரண்டு: நறுக்கியதை உடனே தண்ணீரில் போட்டு அலசுங்கள். தண்ணீர் பால் போலக் கலங்கும். தெளிவாகும் வரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். மேலே ஒட்டியுள்ள மாவு போனால்தான் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. முதல் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளை மாவு படியும். அதைக் காய்ச்சினால் பள்ளிச் சீருடைக்குக் கஞ்சி ஆயிற்று.

மூன்று: அடுப்பில் தண்ணீர், உப்பு, வினிகர் மூன்றும் சேர்த்துக் கிழங்கைப் போட்டுக் கொதிக்க விடுங்கள். கொதி வந்தபின் ஏறக்குறைய பத்து நிமிடம். நேரத்தைவிடப் பதமே முக்கியம். கத்தி முனை தடையின்றி இறங்க வேண்டும். கையில் எடுத்தால் உடையக்கூடாது. வினிகர் எதற்கு என்று கேட்பீர்கள். கிழங்கைக் கட்டி வைத்திருக்கும் பெக்டின் என்னும் பசை, புளிப்புத் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. அதனால் கிழங்கு வெந்தும் வடிவம் குலையாமல் நிற்கிறது. வாயில் புளிப்பு தெரியாது. பயப்பட வேண்டாம்.

நான்கு: மெதுவாக வடித்து, சுத்தமான துணி மேல் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். ஆவியெல்லாம் போய், தொட்டால் ஈரம் ஒட்டக்கூடாது. மின்விசிறியின் கீழ் வைத்தால் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். இந்தப் படியில் அவசரப்பட்டவர்களுக்குக் கடைசியில் மொறுமொறுப்புக் கிடைக்காது. எண்ணெயும் தெறிக்கும்.

ஐந்து: முதல் பொரியல். எண்ணெய் மிதமான சூட்டில், அதாவது 160 பாகை செல்சியஸ் அளவில் இருக்கட்டும். ஒரு கைப்பிடி மட்டும் போட்டு இரண்டு மூன்று நிமிடம் பொரித்து எடுங்கள். நிறம் மாறக்கூடாது. மேலே சற்று இறுகினால் போதும். இப்படியே முழுவதையும் எடுத்துப் பரப்பி, அரை மணி நேரம் நன்றாக ஆறவிடுங்கள்.

ஆறு: இரண்டாம் பொரியல். சாப்பிட உட்காரும் நேரத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். எண்ணெய் இப்போது நல்ல சூடாக, 190 பாகை அளவில் வேண்டும். மறுபடி ஒரு கைப்பிடி. மூன்று நிமிடத்தில் பொன்னிறமாகும். ஜல்லிக் கரண்டியில் அள்ளி, சட்டிக்கு மேலேயே இரண்டு உதறு உதறுங்கள். பொரியும்போது ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் அதிகம் உள்ளே போக முடியாது. வெளியே எடுத்து ஆறத் தொடங்கும்போதுதான் மேலே ஒட்டிய எண்ணெயைக் கிழங்கு உறிஞ்சும். அதனால்தான் உடனே உதற வேண்டும். சூட்டோடு உப்பைத் தூவிப் பரிமாறுங்கள்.

சூடு பார்ப்பது எப்படி?

வெப்பமானி நம் வீடுகளில் ஏது? சத்தே குச்சி ஒன்றை எண்ணெயில் நட்டுப் பாருங்கள். குச்சியைச் சுற்றிச் சிறு குமிழிகள் மெதுவாக வந்தால் முதல் பொரியலுக்குப் போதும். நட்டவுடன் குமிழிகள் சடசடவென்று கிளம்பினால் இரண்டாம் பொரியலுக்குத் தயார். இன்னொரு வழி, விரல்நுனி அளவு ரொட்டித் துண்டைப் போடுவது. அரை நிமிடத்தில் பொன்னிறமானால் கடுஞ்சூடு வந்துவிட்டது என்று கொள்ளலாம். எண்ணெயிலிருந்து புகை கிளம்பினால் அது அளவு மீறிய சூடு. அடுப்பைக் குறைத்துவிடுங்கள்.

நாம் செய்யும் நான்கு தவறுகள்

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே தடவை சட்டியில் கொட்டுவது முதல் தவறு. எண்ணெயின் சூடு மளமளவென்று இறங்கிவிடும். கிழங்கு பொரியாமல் எண்ணெயில் அவியும்.

சூடு ஆறக்கூடாது என்று தட்டைப் போட்டு மூடுவது இரண்டாவது. ஆவி வெளியேற வழியின்றித் திரும்பக் கிழங்கிலேயே இறங்கும். பாடுபட்டதெல்லாம் பாழ்.

பொரித்ததைப் பழைய நாளிதழில் கொட்டி வடிப்பது மூன்றாவது. அச்சு மை எண்ணெயில் கரைந்து வயிற்றுக்குப் போகும். நாளிதழ் படிப்பதற்கு மட்டும் இருக்கட்டும். கம்பித் தட்டு அல்லது அச்சில்லாத தாள் போதும்.

நான்காவது, நன்றாகச் சிவக்கட்டும் என்று கருக விடுவது. மாவுப் பண்டங்களைக் கடுஞ்சூட்டில் கருக விட்டால் அக்ரிலமைடு என்னும் பொருள் உண்டாகிறது என்று 2002ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அது உடலுக்கு ஆகாது. ஆகவே பொன்னிறத்தோடு நிறுத்துங்கள்.

வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு ஒரு யோசனை

விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு இத்தனை படிகளுக்கு நேரமேது என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை முதல் ஐந்து படிகளையும் முடித்து, கிழங்கை நன்றாக ஆறவிட்டு, தட்டில் பரப்பி உறைபெட்டியில் வையுங்கள். கல்லாக உறைந்ததும் நெகிழிப் பையில் கட்டி அங்கேயே போட்டுவிடுங்கள். சில வாரங்கள் தாங்கும். வேண்டும்போது ஒரு பிடி எடுத்து, உருக விடாமல் நேரே சூடான எண்ணெயில் பொரிக்கலாம். உறையும்போது உள்ளே உண்டாகும் பனித்துகள்கள் கிழங்கின் நுண்ணறைகளை உடைத்துவிடுவதால், பொரித்தபின் உட்பகுதி இன்னும் பஞ்சு போல இருக்கும். தொழிற்சாலை செய்வதைத்தான் நீங்களும் செய்கிறீர்கள். துண்டுகளின் மேல் பனி படிந்திருந்தால் உதறிவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் சீறும்.

மாட்டுக் கொழுப்பு உண்டா?

இதை என்னிடம் பலர் இரகசியமாகக் கேட்டிருக்கிறார்கள். வெளிப்படையாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் மெக்டோனால்ட்ஸ் நிறுவனம் 1990 வரை மாட்டுக் கொழுப்பு கலந்த எண்ணெயில்தான் பொரித்தது. அவ்வாண்டு தாவர எண்ணெய்க்கு மாறியதாக அறிவித்தார்கள். ஆனால் மாட்டிலிருந்து எடுத்த சுவைச் சத்து அங்கே தொடர்ந்து சேர்க்கப்பட்டு வந்தது. 2001இல் இந்துக்களும் சைவ உணவினரும் சியாட்டல் நகரில் வழக்குத் தொடுத்தார்கள். 2002இல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, ஒரு கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. இது அமெரிக்கக் கடைகளின் கதை. நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. இந்தியாவில் அதே நிறுவனம் மாட்டிறைச்சியே விற்பதில்லை. ஐயமிருந்தால் அந்தந்தக் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு. நம் சட்டியில் இருப்பது கிழங்கு, எண்ணெய், உப்பு. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அந்த எண்ணெயும் யாருடையது? 1917இல் கோலசிலாங்கூரில் தென்னமாரம் தோட்டத்தில் முதன்முதலாக வாணிகத்துக்கென்று செம்பனை நட்ட நாளிலிருந்து, குலை வெட்டியதிலும் உதிரிப்பழம் பொறுக்கியதிலும் நம்மவர் பங்கு பெரிது. செம்பனை எண்ணெய் கடுஞ்சூட்டைத் தாங்கும். சீக்கிரம் கெடாது. அதனால்தான் உலகெங்கும் பொரிப்பதற்கு அதை நாடுகிறார்கள். ஆனாலும் இரண்டு மூன்று முறைக்கு மேல் அதே எண்ணெயைப் பயன்படுத்தாதீர்கள். ஆறியபின் வடிகட்டி மூடி வையுங்கள். கருத்து, நுரைத்து, வாடை வந்தால் அதன் ஆயுள் முடிந்தது. சாக்கடையில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். புட்டியில் சேர்த்து வைத்தால் பழைய எண்ணெய் வாங்குகிறவர்களிடம் கொடுத்துச் சில்லறையாவது பார்க்கலாம்.

எச்சரிக்கை

என் இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு உண்டு. ஈரம் காயாத கிழங்கை அவசரத்தில் எண்ணெயில் போட்டதற்குக் கிடைத்த பரிசு. ஆகவே இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். கைப்பிடியை வெளியே நீட்டி வைக்காதீர்கள். தவழும் குழந்தையோ ஓடியாடும் பிள்ளைகளோ அடுப்படியில் இருக்கும்போது பொரிக்காதீர்கள். எண்ணெயில் தீப்பிடித்துவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாதீர்கள். தண்ணீர் ஆவியாய்ச் சீறி, தீயைக் கூரைக்கு ஏற்றிவிடும். எட்டுமானால் அடுப்பை நிறுத்தி, தட்டையான மூடியால் சட்டியை மூடி, ஆறும் வரை திறக்காதீர்கள். அடங்காவிட்டால் எல்லோரையும் வெளியேற்றி 999க்கு அழையுங்கள்.

சுட்டுவிட்டால் பற்பசை, கிச்சாப், வெண்ணெய் எதையும் பூசாதீர்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். கொப்புளம் பெரிதானாலோ முகத்தில் பட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தை என்றால் காயம் சிறிதானாலும் காட்டிவிடுவதே நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. நம் சமூகத்தில் அது இன்னும் அதிகம். வீட்டில் செய்தாலும் பொரித்த மாவுப் பண்டம் பொரித்த மாவுப் பண்டம்தான். மாதம் ஒரு முறை, இருமுறை போதும். வீட்டிலேயே செய்யலாம் என்றதும் தினமும் சட்டியை ஏற்றிவிடாதீர்கள்.

மரவள்ளியை மறந்துவிட்டோமே

உருளைக்கிழங்கு நமக்குக் கப்பலில் வருகிற விருந்தாளி. 2022 ஜனவரியில் கப்பல் போக்குவரத்துச் சிக்கலால் மெக்டோனால்ட்ஸ் நிறுவனமே நம் நாட்டில் பெரிய பொட்டலத்தை விற்பதைச் சில காலம் நிறுத்திவைத்தது நினைவிருக்கலாம். ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஒரு குச்சியை நட்டால் விளைகிற கிழங்கு ஒன்று நம்மிடம் இருக்கிறது.

எங்கள் பாட்டி சாகும்வரை மரவள்ளிக்கிழங்கைத் தொட்டதில்லை. ஜப்பான்காரன் காலத்தில், பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி வருவது நின்றுபோய், தோட்டத்து மக்கள் ஊபியைத் தின்றே உயிரைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்பிள்ளைகளை மரண ரயில் பாதைக்கு இழுத்துக்கொண்டு போன வீடுகளில், மிஞ்சியிருந்தவர்களுக்கு அதுவே சோறு. 1945இல் அந்தக் காலம் முடிந்தபின், "இனி அது என் வாயில படாது" என்று பாட்டி சபதமே செய்துவிட்டார். அவருடைய வெறுப்பில் நியாயமுண்டு. ஆனால் பசியில் நம்மைக் காத்த கிழங்கைப் பார்த்து நம் பேரப்பிள்ளைகள் வெட்கப்படுவதில் என்ன நியாயம்?

இதே முறையில் மரவள்ளியையும் பொரிக்கலாம். சொல்லப்போனால் உருளையைவிட மொறுமொறுப்பாகவே வரும். தோலையும் அதன் கீழுள்ள இளஞ்சிவப்புப் பட்டையையும் நன்றாக உரித்துவிடுங்கள். விரல் நீளத் துண்டுகளாக்கி, உப்புப் போட்ட நிறையத் தண்ணீரில் வேகவிடுங்கள். பச்சையாகத் தின்னக்கூடாது. மரவள்ளியில் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. உரித்து, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கை எறிந்துவிடுங்கள். பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு ஓடும். அதற்குள் சமைத்துவிடுங்கள்.

ஓரங்கள் வெடித்து மலரும் வரை வெந்தால் பதம். நடுவில் உள்ள நாரை இழுத்துவிட்டு, ஆவி போக ஆறவிடுங்கள். வெடித்த அந்தப் பிளவுகள்தாம் எண்ணெயில் சிவந்து மொறுமொறுப்பாகும். நன்றாக ஆறிக் காய்ந்திருந்தால் ஒரே பொரியல் போதும். சம்பலோ தேங்காய்ச் சட்னியோ தொட்டுக்கொண்டால் சுவையைச் சொல்லவும் வேண்டுமா?

இதைத்தான் நம் பையனின் தாயாருக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அதே ஓய்வு நேரம். அதே மேசை. இம்முறை டப்பா முழுதும் திறந்திருந்தது. விடியற்காலையில் பொரித்த மரவள்ளி. உண்மையைச் சொன்னால், மூடிய டப்பாவில் நான்கு மணி நேரம் கிடந்ததில் மொறுமொறுப்புப் பாதி போய்விட்டிருந்தது. அடியில் தாள் விரித்து, மூடியைச் சற்றே திறந்து வைக்கும்படி தாயாரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதையெல்லாம் கவனிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. கோழிகூட வேண்டாம் என்ற அந்தப் பெண்பிள்ளை டப்பாவுக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இது எந்தக் கடையில வாங்கினது?" என்று கேட்டாள்.

"கடையில இல்ல. எங்கம்மா செஞ்சது" என்றான் அவன், எல்லோருக்கும் கேட்கும்படி.

செய்து பாருங்கள். சரியாக வந்தால் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். வராவிட்டால் எந்தப் படியில் தவறியது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.